மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவி வைஃபையை ஓட வைப்பது: முழுமையான வழிகாட்டி

விண்டோஸுக்கு மாற்றாக உள்ள லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுவது இப்போது அரை மணி நேர வேலைதான். அதற்குப் பிறகு வைஃபைக்காக இரண்டு நாள் அல்லாடுவதுதான் புதியவர்கள் பலருக்கும் நடக்கிறது. வைஃபை டிரைவரை (வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருள்) இறக்க இணையம் வேண்டும். இணையம் வர வைஃபை டிரைவர் வேண்டும். இந்த முடிச்சு கண்ணில் படும்போது விண்டோஸை ஏற்கெனவே அழித்திருப்பார்கள், திரும்பிப் போகவும் வழி இருக்காது. ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். நிறுவும் பொத்தானை அழுத்துவது ஏழாவது படியில்தான்.

இங்கே லினக்ஸின் வடிவங்களில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 வரிசையை எடுத்துக்கொள்கிறேன். அது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வடிவத்தின் 24.04 பதிப்பின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை ஆதரவு உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து, விண்டோஸ் 11 ஏறாத மடிக்கணினியோடு வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். உபுண்டு போடுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

கட்டளைகளைப் போனில் சொல்வது போல ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்கட்டும்.

1. முதலில் வைஃபை சிப் எதுவென்று பாருங்கள்

மடிக்கணினியின் மாடல் பெயரை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே மாடலில் ஒரு தொகுதிக்கு இன்டெல் சிப்பும் அடுத்த தொகுதிக்கு ரியல்டெக் சிப்பும் போட்டிருப்பார்கள். "அதே மாடல்தான், நண்பனுக்கு வேலை செய்தது" என்பது இதனால்தான் செல்லாது.

விண்டோஸ் ஓடும்போதே டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் வரிசையில் வைஃபை உள்ள பெயரை இருமுறை சொடுக்குங்கள். டீட்டெய்ல்ஸ் தாவலில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீண்ட வரி வரும். அதில் விஇஎன் என்பதை அடுத்து வரும் நான்கு எழுத்து தயாரிப்பாளர்; டிஇவி என்பதை அடுத்து வருவது சிப். இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல். நிம்மதியாக இருங்கள்; கர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவர் இருக்கிறது. 168சி என்றால் குவால்காம் ஏதெரோஸ், அதுவும் பெரும்பாலும் தானாகவே ஓடும். 14சி3 என்றால் மீடியாடெக். அதில் எம்டி7921 நன்றாக ஓடும், ஆனால் எம்டி7902 என்ற சிப் நீண்ட காலம் லினக்ஸ் டிரைவரே இல்லாமல் கிடந்தது. அது உங்களிடம் இருந்தால் பத்தாவது படியை முதலில் படித்துவிடுங்கள்.

10இசி என்றால் ரியல்டெக். இங்கே கர்னலின் வயதுதான் எல்லாம். ஆர்டிஎல்8821சிஇ சிப்புக்கு 5.9 கர்னலிலிருந்தும், ஆர்டிஎல்8852பிஇ சிப்புக்கு 6.2 கர்னலிலிருந்தும் டிரைவர் உள்ளேயே வருகிறது. மின்ட் 22 வரிசையில் இருப்பது 6.8 அல்லது அதற்குப் பிந்தையது என்பதால் இரண்டுமே ஓடிவிடும். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய மின்ட் 21 பென் டிரைவை எடுத்துப் போட்டால் அதில் 5.15 கர்னல், 8852பிஇ கண்ணுக்கே தெரியாது. ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் பழைய பென் டிரைவை எடுத்து ஒரு மாலையைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

14இ4 என்றால் பிராட்காம். இந்த வழிகாட்டியின் எட்டாவது படி பாதிக்கு மேல் உங்களுக்காகத்தான். குறிப்பாகச் சிப் எண் 4365 என்றால் அது பிசிஎம்43142. பிராட்காம் தரும் மூடிய டிரைவரை விட்டால் அதற்கு வேறு வழியில்லை.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியாக இருக்கட்டும். காப்பு எடுக்க வேறொரு பென் டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ தனியாக வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனும் அதன் யுஎஸ்பி கேபிளும். கேபிளில் ஒரு நுணுக்கம் உண்டு: மலிவான கேபிள்கள் சில சார்ஜ் மட்டுமே ஏற்றும், தரவு போகாது. போனை இப்போதே கணினியில் செருகிப் பாருங்கள். போனில் உள்ள படங்கள் கணினியில் தெரிந்தால் நல்ல கேபிள். வைஃபை இல்லாத நேரத்தில் உங்களைக் காப்பாற்றப் போவது இந்தக் கேபிள்தான்.

மடிக்கணினியின் சார்ஜர், வீட்டு ரவுட்டரின் கடவுச்சொல், இதைப் படிக்க இன்னொரு திரை. இவ்வளவு போதும்.

ரேம் 2 ஜிபி மட்டும் என்றால் மின்ட்டின் லேசான வடிவமான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். 4 ஜிபிக்கு மேல் இருந்தால் சினமன் பதிப்பு. பள்ளியில் கிடைத்த பழைய விலையில்லா மடிக்கணினியை உயிர்ப்பிக்க நினைப்பவர்கள் யோசிக்காமல் எக்ஸ்எஃப்சிஇ பக்கம் போகலாம்.

3. விண்டோஸுக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

விண்டோஸை அழிக்கப் போகிறீர்கள் என்றால் கோப்புகளைக் காப்பு எடுத்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். அதையும் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இந்தப் படியில் நிதானமாக இருங்கள்.

கோப்புகளைக் காப்பு எடுத்ததும் முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. "நான் அதெல்லாம் போடவே இல்லையே" என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) செக்யூர் பூட் அமைப்பைத் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழ விடும் பாதுகாப்பு) தொட்டால் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே தாளில் எழுதுங்கள். செட்டிங்ஸில் போய் என்க்ரிப்ஷனை அணைத்து, அது முழுவதும் அவிழும்வரை பொறுத்திருப்பது இன்னும் நல்லது.

அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் இருக்கிறது. அதன் குறியை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் என்பது உண்மையில் பாதித் தூக்கம்தான். விண்டோஸ் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதி) பூட்டிய நிலையில் இருக்கும். வைஃபை கார்டும் சில மடிக்கணினிகளில் பாதித் தூக்கத்திலேயே லினக்ஸிடம் ஒப்படைக்கப்படும். "நேற்று வந்த வைஃபை இன்று விண்டோஸ் போட்டுவிட்டு வந்ததும் காணோம்" என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

அப்புறம் இடம் ஒதுக்குவது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவின் மேல் வலது சொடுக்கில் ஷ்ரிங்க் வால்யூம். மின்ட்டுக்கு 20 ஜிபி குறைந்தபட்சம், 100 ஜிபி இருந்தால் தாராளம். 50 ஜிபியில் தொடங்குவது என் வழக்கம். கிடைத்த இடத்தைப் புதுப் பார்ட்டிஷனாக ஆக்காதீர்கள், ஒதுக்கப்படாத இடமாகவே கிடக்கட்டும். சுருக்கும் வேலையை 'நிறுவி', அதாவது லினக்ஸை நிறுவும் நிரலும் செய்யும்தான். ஆனால் விண்டோஸின் கோப்புகள் எங்கே அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன என்பது விண்டோஸுக்குத்தான் தெரியும். அதையே செய்ய விடுங்கள்.

4. பென் டிரைவ் தயாரிப்பு

மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (மின்ட் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்குங்கள். 3 ஜிபிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இறக்கியதை ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் எழுத வேண்டும். கோப்பை இழுத்துப் பென் டிரைவில் போட்டால் பூட் ஆகாது. புதியவர்கள் சிலர் இதைச் செய்துவிட்டு "பென் டிரைவ் கெட்டுப்போச்சு" என்பார்கள்.

பாதியில் அறுந்து மீண்டும் தொடங்கிய பதிவிறக்கங்களில் கோப்பு சேதமாகியிருக்கலாம். பென் டிரைவிலிருந்து பூட் ஆகும் மெனுவில் இன்டெக்ரிட்டி செக் என்று ஒரு வரி இருக்கும். ஒருமுறை ஓட விடுங்கள். நிறுவல் பாதியில் நின்று, எதனால் என்றே தெரியாமல் முழிப்பதைவிட இந்தச் சில நிமிடம் மேல்.

புதிய ஐஎஸ்ஓ-தான் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு பழைய லினக்ஸ் பென் டிரைவ்கள் பல, ஷிம் சரிபார்ப்பு தோற்றது என்று ஒரு வரி காட்டிவிட்டு அணைந்துவிடுகின்றன. அது உங்கள் தவறல்ல, பூட் கோப்பு பழையது.

5. பயாஸும் பூட் மெனுவும்

பென் டிரைவைச் செருகி, மடிக்கணினியை இயக்கியவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ, ஏசர் என்றால் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். ஏசரில் மட்டும் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் எஃப்12 பூட் மெனுவை முதலில் இயக்க வேண்டியிருக்கலாம். லெனோவோ சிலவற்றில் ஊசி போடும் அளவு சிறு துளைக்குள் நோவோ பொத்தான் இருக்கும், அதுவும் இதே வேலைதான்.

மெனுவில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை வந்தால், யுஇஎஃப்ஐ (கணினி எழும் புதிய முறை) என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டிருக்கிறதோ அதே முறையில்தான் லினக்ஸும் இருக்க வேண்டும். கடந்த பத்தாண்டு மடிக்கணினிகளில் அது அநேகமாக யுஇஎஃப்ஐ. மற்றதைத் தேர்ந்தெடுத்தால் நிறுவிக்கு விண்டோஸ் தெரியாது, இரண்டும் அருகருகே வைக்கும் வசதியும் வராது.

செக்யூர் பூட்டை அணைக்க வேண்டுமா? இன்டெல், ஏதெரோஸ், மீடியாடெக், ரியல்டெக்காரர்கள் தொட வேண்டியதில்லை. கர்னலோடு வரும் டிரைவர்கள் கையொப்பமிட்டவை. பிராட்காம் டிரைவர் மட்டும் உங்கள் கணினியிலேயே தொகுக்கப்படுவது. கையொப்பச் சிக்கல் வரும். அதை எட்டாவது படியில் பார்ப்போம்.

நிறுவிக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சேமிப்பக முறை ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கிறதா பாருங்கள். ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். ஆனால் நேரே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் வழியாக சேஃப் பூட் குறியிட்டு அணைத்து, பயாஸில் ஏஎச்சிஐ ஆக்கி, விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பி, பிறகு குறியை நீக்குங்கள். அந்த ஒருமுறையில் அது தேவையான டிரைவரை ஏற்றிக்கொள்ளும்.

6. நிறுவாமல் லைவ் திரையிலேயே சோதியுங்கள்

பென் டிரைவிலிருந்து மின்ட் எழுந்ததும் மேசையில் நிறுவும் படவுரு கண்ணைச் சிமிட்டும். தொடாதீர்கள். கீழ் வலது மூலையில் நெட்வொர்க் படவுருவைச் சொடுக்கிப் பாருங்கள். ரவுட்டர் பெயர்கள் வந்தால் இணைந்து, பத்து நிமிடம் ஏதாவது வீடியோ ஓட விடுங்கள். வெறும் இணைப்பு போதாது. சில கார்டுகள் இணையும், பத்து நிமிடத்தில் விழும். கூடவே ஒலி, டச்பேட், திரை வெளிச்சம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

லைவ் திரையில் வைஃபை வந்தால் நிறுவிய பிறகும் வரும். வரவில்லை என்றால் டெர்மினலைத் திறந்து, எல்எஸ்பிசிஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, அதோடு ஒட்டி என்என்கே என்று அடியுங்கள். வரும் பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடுங்கள். அதன் கீழே கர்னல் டிரைவர் இன் யூஸ் என்ற வரி இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது, சிக்கல் வேறெங்கோ. அந்த வரியே இல்லை என்றால் டிரைவர் இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. "வைஃபை வரலை" என்று மட்டும் சொல்லி உதவி கேட்பவர்களுக்குப் பதில் கிடைக்காததற்கு இந்த ஒரு வரியைப் பார்க்காததுதான் காரணம்.

போனை இப்போதே செருகி, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைக் கேபிள் வழி கணினிக்குத் தருவது) இயக்குங்கள். கேபிளைச் செருகிய பிறகுதான் அந்த வசதி உயிர்பெறும். சில நொடிகளில் மடிக்கணினி, கம்பி இணைப்பு வந்துவிட்டதாகச் சொல்லும். எந்த டிரைவரும் வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் பெரும்பாலும் அதையே கேபிள் வழி தரும், மொபைல் டேட்டா செலவாகாது. டெதரிங் ஓடுகிறது என்று உறுதியானால் வைஃபை வராவிட்டாலும் துணிந்து நிறுவலாம்.

7. நிறுவுதல்

இந்தப் படி பெயருக்குத்தான் பெரியது.

மொழியாகத் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் விசைப்பலகை அமைப்பை மட்டும் ஆங்கிலம் யுஎஸ் என்றே விடுங்கள். தமிழ் விசைப்பலகை தேர்வாகியிருப்பதைக் கவனிக்காமல் கடவுச்சொல்லைப் புள்ளி புள்ளியாக அடித்துவிட்டு, பிறகு உள்நுழைய முடியாமல் மீண்டும் முதலிலிருந்து நிறுவியவர்கள் உண்டு. தமிழ் 99 முதலானவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ ஓடத் தேவையானவை) குறியை, இணையம் இருந்தால் இடுங்கள். இல்லாவிட்டால் பிறகு பார்க்கலாம்.

டிஸ்க் பக்கம் வந்ததும் கையை விசையிலிருந்து எடுத்துவிட்டு ஒருமுறை முழுவதும் படியுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்கிறவர் என்றால், விண்டோஸோடு அருகில் நிறுவுவது என்ற வரிதான் உங்களுக்கு. எரேஸ் டிஸ்க் என்பது சொன்னபடியே டிஸ்க் முழுவதையும் அழிக்கும், லினக்ஸுக்கு ஒதுக்கிய இடத்தை மட்டுமல்ல. அருகில் நிறுவும் வரி வரவே இல்லை என்றால் ஐந்தாவது படியில் யுஇஎஃப்ஐ விஷயத்தை மீண்டும் பாருங்கள்.

கையால் பிரிக்க விரும்பினால் ஒதுக்கப்படாத இடத்தில் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் ஒன்று, மவுண்ட் பாயின்ட் சாய்கோடு. ஸ்வாப் பார்ட்டிஷன் வேண்டாம், மின்ட் அதற்கு ஒரு கோப்பைத் தானே வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ள சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யக் குறியிட்டுவிடாதீர்கள். விண்டோஸ் எழுவதற்கான கோப்பு அங்கேதான் இருக்கிறது.

மிச்சத்தை நிறுவி பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் ரீஸ்டார்ட்.

8. வைஃபை வரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

அ. பூட்டியிருக்கிறதா?

டிரைவரைத் தேடி ஓடுவதற்கு முன் டெர்மினலில் ஆர்எஃப்கில், இடைவெளி, லிஸ்ட் என்று அடியுங்கள். கில் என்பதில் எல் இரண்டு. சாஃப்ட் பிளாக்டு எஸ் என்றால் மென்பொருள் பூட்டு. ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று அடித்தால் திறந்துவிடும். ஹார்டு பிளாக்டு எஸ் என்றால் அது பொத்தானோ சுவிட்சோ. விமானப் படம் போட்ட விசையை எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்துங்கள். பழைய மடிக்கணினிகளில் முன்விளிம்பில் நகக்கண் அளவு ஒரு சுவிட்ச் இருக்கும். ஒருமுறை ஒரு மாலை முழுவதும் டிரைவர் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, கடைசியில் அந்தச் சுவிட்சைக் கண்டுபிடித்தேன். பைக்குள் வைக்கும்போது தானே நகர்ந்திருக்கிறது.

ஆ. டிரைவர் ஏறியும் வரவில்லையா?

எல்எஸ்பிசிஐ வரியில் டிரைவர் பெயர் இருந்து, பூட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் சிறு மென்பொருள்) விடுபட்டிருக்கும் அல்லது கார்டு தூங்கிக்கொண்டிருக்கும். முதலில் முழுவதும் அணைத்து, சார்ஜரையும் பிடுங்கி, பவர் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்தி விட்டு மீண்டும் இயக்குங்கள். சிரிக்காதீர்கள், விண்டோஸ் பாதித் தூக்கத்தில் விட்ட கார்டுகள் இதில் எழுகின்றன. அதற்கும் மசியாவிட்டால் டெதரிங்கில் இணைந்து அப்டேட் மேனேஜரை முழுவதும் ஓட விடுங்கள், ஃபர்ம்வேர் தொகுப்பும் அதில் புதுப்பிக்கப்படும்.

இ. ரியல்டெக், மீடியாடெக்: புதிய கர்னல்

டிரைவர் வரியே இல்லாத புதிய சிப் என்றால், டெதரிங்கில் இணைந்து அப்டேட் மேனேஜரின் வியூ மெனுவில் லினக்ஸ் கர்னல்ஸ் பக்கத்துக்குப் போங்கள். பட்டியலில் உள்ள புதிய கர்னலை நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். முகம் தெரியாதவர்கள் வைத்திருக்கும் டிரைவரை இறக்கித் தொகுக்கச் சொல்லும் பழைய வழிமுறைகள் நிறையக் கிடைக்கும். கர்னலில் டிரைவர் வருவதற்கு முந்தைய காலத்து எழுத்து அவை. அப்படிச் சேர்த்த டிரைவரும் கர்னலின் டிரைவரும் மோதிக்கொண்டால் இருப்பதும் போகும்.

ஈ. பிராட்காம்: டிரைவர் மேனேஜர்

டெதரிங்கை இயக்கிவிட்டு மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறங்கள். அது பட்டியலைப் புதுப்பித்துவிட்டு பிராட்காம் கார்டைக் காட்டும். பரிந்துரைக்கப்படுவது என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுத்து அப்ளை செய்யுங்கள், பிறகு ரீஸ்டார்ட்.

முழு அப்டேட்டை இதற்கு முன் ஓட்ட வேண்டாம். அது பல நூறு எம்பி போகும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்ற திட்டத்தில் இருப்பவருக்குப் பாதியில் தீர்ந்துவிடும். டிரைவர் சிறியது. அதை முதலில் போட்டு வைஃபையை எழுப்பிவிட்டு, மிச்சத்தை வீட்டு இணைப்பில் இறக்கலாம்.

டெதரிங்குக்கும் வழியில்லையா? நிறுவப் பயன்படுத்திய அதே பென் டிரைவைச் செருகிவிட்டு டிரைவர் மேனேஜரைத் திறங்கள். இணையம் இல்லை என்று சொல்லிவிட்டு, பென் டிரைவை இணைக்கச் சொல்லி வழிகாட்டும். பிராட்காம் டிரைவர் அந்தப் பென் டிரைவிலேயே இருக்கிறது. நிறுவல் முடிந்த கையோடு பென் டிரைவை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

உ. நீலத்திரையைத் தவற விடாதீர்கள்

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் பிராட்காம் டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். புதிதாக ஒன்றை நீங்களே வைப்பது அது. ஒருமுறை மட்டும் தேவைப்படும். எட்டு எழுத்தாவது இருக்கட்டும், எழுதி வையுங்கள்.

ரீஸ்டார்ட் ஆகும்போது மின்ட்டுக்குப் பதில் ஒரு நீலத்திரை வரும். எம்ஓகே மேனேஜ்மென்ட் என்று தலைப்பு. பயந்து கன்டினியூ பூட்டை அழுத்துகிறவர்களும், தேநீர் எடுக்கப் போய்விட்டு வந்து பார்க்காதவர்களும்தான் அதிகம்; ஏனென்றால் அது பத்து நொடிதான் காத்திருக்கும். நீங்கள் எதையாவது அழுத்தி நிறுத்தி, என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, எஸ், பிறகு அந்தக் கடவுச்சொல், ரீபூட் என்று போக வேண்டும். உங்கள் கணினி தானே தொகுத்த டிரைவரின் கையொப்பத்தை நம்பலாம் என்று பயாஸிடம் நேரில் வந்து சொல்வதற்குத்தான் இந்தச் சடங்கு.

தவறவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டதாகவே காட்டும், ஆனால் வைஃபை வராது. சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு பிழை எங்காவது தென்படும். டிரைவரைத் திரும்பத் திரும்ப நீக்கி நிறுவிப் பயனில்லை. எளிய வழி, பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பது. ஏசர் சிலவற்றில் அந்த வரி மங்கலாக இருக்கும். பயாஸுக்கு சூப்பர்வைசர் கடவுச்சொல் ஒன்று வைத்தால்தான் மாற்ற விடும். விண்டோஸும் இருக்கிறது என்றால், அந்த 48 இலக்கத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

9. வருகிறது, ஆனால் சரியாக இல்லை

ரவுட்டருக்கு இரண்டு பெயர், 5ஜி என்று முடியும் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் அது லினக்ஸின் குற்றமல்ல. பிசிஎம்43142, பிசிஎம்4313 போன்ற சிப்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். விண்டோஸிலும் அந்தப் பெயர் தெரிந்திருக்காது.

அந்த 2.4 பெயரும் தெரியவில்லை, பக்கத்து வீட்டுப் பெயரெல்லாம் தெரிகிறது என்றால் ரவுட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கலாம். சில கார்டுகள் அமெரிக்க விதிப்படி 11-ஓடு நிறுத்திக்கொள்ளும். ரவுட்டர் பக்கத்தில் போய் சேனலை 1, 6, 11-ல் ஒன்றாக மாற்றுவது மிகச் சுலபமான தீர்வு.

சிறிது நேரம் சும்மா இருந்தால் வைஃபை விழுகிறது, பக்கங்கள் விட்டு விட்டுத் திறக்கின்றன என்றால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். கோப்பு மேலாளரில் இடிசி ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கி, ரூட்டாகத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப் புள்ளி டி. பெயரில் பவர்சேவ் என்று வரும் கோப்பைத் திறந்தால் வைஃபை பவர்சேவ் சமம் 3 என்று இருக்கும். 3 என்றால் சேமிப்பு இயங்குகிறது, 2 என்றால் அணைந்தது. 2 ஆக்கி, சேமித்து, ரீஸ்டார்ட். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் கரையும், நான் பொருட்படுத்துவதில்லை.

ரவுட்டருக்குப் பக்கத்தில் நன்றாக இருந்து அடுத்த அறைக்குப் போனதும் செத்துவிடுகிறது என்றால், சிப் ஆர்டிஎல்8723பிஇ-தானா பாருங்கள். சில மடிக்கணினிகளில் அதற்கு ஒரே ஆன்டெனாதான் மாட்டியிருப்பார்கள், டிரைவரோ இன்னொரு முனையில் தேடிக்கொண்டிருக்கும். ஏஎன்டி செல் என்ற அமைப்பை 1 அல்லது 2 என்று சொல்லிக்கொடுத்தால் சிக்னல் ஒரே தாவாகத் தாவும். சிப் பெயரையும் இந்த அமைப்பின் பெயரையும் சேர்த்துத் தேடினால் முழு வரி கிடைக்கும்.

10. எதற்கும் மசியாத கார்டு

ஒரு நாளுக்கு மேல் மல்லுக்கட்டாதீர்கள். கார்டை மாற்றுவது பல மடிக்கணினிகளில் ஒரு திருகு வேலைதான்.

உள்ளே எம்.2 வகைக் கார்டு துளை இருந்தால் இன்டெல் ஏஎக்ஸ்200 நல்ல தேர்வு. வாங்கும்போது 201 என்பதை எடுத்துவிடாதீர்கள். ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் 201-ன் பாதி வேலை இன்டெல் சிப்செட்டுக்குள் நடக்கிறது; ஏஎம்டி மடிக்கணினியிலோ பழைய இன்டெல்லிலோ அது வெறும் அட்டை. இன்னும் பழைய மடிக்கணினி என்றால் அரை மினி பிசிஐஇ துளை இருக்கும், எம்.2 கார்டு அதில் பொருந்தாது, ஆன்டெனா முனையின் அளவும் வேறு. பழைய சில மாடல்களில் பயாஸ் தனக்குத் தெரிந்த கார்டுகளை மட்டுமே ஏற்கும், மற்றதைப் போட்டால் பிழை காட்டி நின்றுவிடும். வாங்குமுன் உங்கள் மாடலுக்கு இந்தத் தடை உண்டா என்று தேடிப் பாருங்கள்.

மடிக்கணினியைத் திறக்கப் பயம் என்றால் யுஎஸ்பி டாங்கிள், அதாவது வெளியே செருகும் வைஃபை குச்சி. உறையின் மேல் உள்ள பிராண்டைப் பார்க்காமல் உள்ளே உள்ள சிப்பைக் கேட்டு வாங்குங்கள். ஏஆர்9271 உள்ளவை 2.4 மட்டும்தான், ஆனால் செருகியதும் ஓடும். எம்டி7612யு உள்ளவை இரண்டு அலைவரிசையும் பிடிக்கும், டிரைவர் கர்னலில் இருக்கிறது. சில மலிவு டாங்கிள்கள் செருகியதும் குறுந்தகடு போல ஒரு டிரைவாகத் தோன்றும். அதில் விண்டோஸ் டிரைவர் இருக்கும். அதை இஜெக்ட் செய்தால்தான் வைஃபையாக மாறும்.

11. ஓடியதைக் காப்பாற்றுவது

வைஃபை ஓடத் தொடங்கிய அன்றே மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பி வர உதவும் கணினியின் நிலைப் பதிவு) எடுங்கள். முழு அப்டேட்டை அதன் பிறகு ஓட்டுங்கள்.

இன்டெல்காரர்களுக்கு இதற்கு மேல் வேலையில்லை. பிராட்காம்காரர்களுக்கு ஒன்று பாக்கி. அந்த மூடிய டிரைவரின் கடைசிப் பதிப்பு 2015-ல் வந்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு கர்னலுக்கும் ஏற்றபடி அதை ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் லினக்ஸ் வெளியீட்டாளர்கள்தான். சில நேரம் ஒட்டு வருவதற்குள் கர்னல் வந்துவிடும். காலையில் அப்டேட், மாலையில் வைஃபை இல்லை.

அப்போது எதையும் நீக்காதீர்கள். ரீஸ்டார்ட் செய்து, மெனு தெரியாவிட்டால் எஸ்கேப் தட்டி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதற்குத் தொகுத்த டிரைவர் அப்படியே இருக்கும், வைஃபை வந்துவிடும். ஓரிரு வாரம் அதிலேயே ஓட்டிவிட்டு மறுபடி அப்டேட் செய்து பாருங்கள். அதுவரை பழைய கர்னல்களைச் சுத்தம் செய்யும் பொத்தானைத் தொட வேண்டாம். குறைந்தது ஒரு பழைய கர்னலாவது டிஸ்க்கில் இருக்கட்டும்.